ஜெர்மனி நண்பருக்கு ராம்நாட்டுக் கரையில் என்ன சாப்பாடு?

கேள்வி இதுதான். ஜெர்மனியில் தன்னோடு வேலை பார்த்த நண்பர் ஜனவரி கடைசியில் முதன்முறையாக இந்தியா வருகிறார், மூன்று நாள் ராமேஸ்வரம் பக்கம் தங்கப்போகிறார்கள், அவருக்கு மீன் பிடிக்கும், காரம் ஆகாது. கேட்டவருக்கு அப்பா ஊர் தேவிபட்டினம் என்றாலும் வளர்ந்தது கோயம்புத்தூரில். அதனால் "நல்ல ரெஸ்டாரண்ட் பெயர் சொல்லுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டை மதுரையிலேயே முடித்துக்கொண்டு இங்கே கடலை மட்டும் காட்டிவிடவா" என்கிறார்.

தம்பி, கடைப் பெயர் ஒன்றுகூடச் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும். போன வருஷம் நான் இடம் கிடைக்காமல் நின்று சாப்பிட்ட ஒரு மெஸ்ஸில் இந்த வருஷம் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அதே நேரம், போர்டுகூட இல்லாத ஒரு கொட்டகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்ட விளமீன் குழம்பை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதே கொட்டகைக்கு ஒரு திங்கட்கிழமை போனபோது ஐஸ் வாடைதான் அடித்தது. கோவையில் "எங்கே" என்று கேட்டால் போதும். இங்கே "என்றைக்கு, எத்தனை மணிக்கு" என்று முதலில் கேட்க வேண்டும், எங்கே என்பது அப்புறம்தான்.

காரணம் சொல்கிறேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு தினமும் கடலுக்குப் போகாது. வாரத்தில் 3 நாள் விசைப்படகு, மீதி 4 நாள் நாட்டுப்படகு என்பது ரொம்ப வருஷமாக இருக்கும் ஏற்பாடு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள், மறுநாள் காலையில் கரைக்கு வருவார்கள். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் பெரிய படகு மீன் கரையில் இருக்கும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன் கிடைக்கும். அளவு குறைவு, வகை குறைவு, ஆனால் அன்றைக்குப் பிடித்து அன்றைக்கே வருவதால் பல நேரம் அதுதான் மேல். இடையில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று வேலைநிறுத்தம் அறிவித்தால் அந்த வாரக் கணக்கே வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஜனவரி நல்ல மாதம்.

இன்னொரு விஷயம் காற்று. நமக்கு இரண்டு கடல். பாக் ஜலசந்திப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் புரளும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். ஜனவரி கடைசியில் வாடை ஓய்ந்துகொண்டிருக்கும், ஆனால் முழுக்க ஓய்ந்திருக்காது. அதனால் போய் இறங்கியதும் ஆட்டோக்காரரிடமோ டீக்கடையிலோ "எந்தப் பக்கம் மீன் வருது" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராமேஸ்வரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆள் இல்லை.

நான் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது கூட இருந்த ஜப்பான்காரர் ஒருவர் சில வருஷம் முன்னால் இங்கே வந்தார். முதல் நாள் ராத்திரி, பெரிய மனுஷனாக இருக்க ஆசைப்பட்டு, ஏசி ஹால் உள்ள ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். மெனு கார்டில் நூற்றுச் சொச்சம் அயிட்டம். மீன் என்று வந்தது சிவப்புப் பொடி அப்பிய ஏதோ துண்டு, உள்ளே பஞ்சு மாதிரி, எந்த மீன் என்று அவர் கேட்டதற்கு சப்ளையருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாலு பக்கமும் கடல் இருக்கும் தீவில் உட்கார்ந்து அவர் கடைசியில் நூடுல்ஸ் சாப்பிட்டார். ரொம்ப மரியாதையான மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை பாம்பனுக்குப் போனோம். கரையில் மீனைக் கூறு கட்டிப் போட்டு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் யாரிடமும் கேட்காமல் ஒரு கூறு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பாறைமீனின் செவுளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், வைத்துவிட்டார். அடுத்ததற்குப் போனார். மீன் விற்கிற அம்மா ஒருத்தர் "இந்த ஆளுக்கு எல்லாம் தெரியுது, இவர்கிட்ட ஏமாத்த முடியாது" என்று சிரித்தார். பக்கத்துக் கூடையில் ஓட்டுக்கணவாய் கிடந்தது. அவர் மெதுவாக அதன் முதுகில் விரல் வைத்தார். வைத்த இடத்தில் தோலில் இருந்த பழுப்புப் புள்ளிகள் எல்லாம் குபுக்கென்று விரிந்து, திரும்பச் சுருங்கின. படகிலிருந்து இறங்கி அதிக நேரம் ஆகாத கணவாயில்தான் அப்படி இருக்கும், ஐஸில் கிடந்தது வெளுத்துப்போய் அசையாமல் கிடக்கும். பிறந்ததிலிருந்து கணவாய் சாப்பிடுகிற எனக்கு அதை ஒரு ஜப்பான்காரர் காட்டித் தர வேண்டியிருந்தது.

அதை வாங்கிக்கொண்டு பாம்பனிலேயே இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். சின்னம்மா ஓட்டை உருவி எடுத்து, மைப்பையை உடையாமல் கிள்ளிப் போட்டு, நாலு தண்ணீரில் அலசி, இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரு பங்கு நமக்கு, வழக்கமான மசாலா. இன்னொரு பங்கில் உப்பு, மஞ்சள், சின்ன வெங்காயம், இடித்த மிளகு கொஞ்சம், தேங்காய் எண்ணெய். அடுப்பில் இரண்டு மூன்று நிமிஷம்கூட விடவில்லை, சுருண்டதும் இறக்கிவிட்டார். கணவாயைச் சட்டென்று இறக்க வேண்டும், இல்லையென்றால் அரைமணி நேரம் விட்டு மெத்தென்று வேகவைக்க வேண்டும், நடுவில் எடுத்தால் செருப்புத் தோல்தான். ஹோட்டலில் கணவாய் ரப்பராக இருப்பதற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை. அவர் சோற்றை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கணவாயை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். சின்னம்மா என்னிடம் "பாவம், நேத்து எதுவும் வாங்கிக் குடுக்கலையா" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல.

சரி, எல்லாருக்கும் பாம்பனில் சின்னம்மா இருக்க மாட்டார். அதற்கும் வழி உண்டு. கடலோரத்தில் சின்ன மெஸ் நடத்துகிறவர்களிடம் முதல் நாள் சாயங்காலமே போய், "காலையில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறோம், மத்தியானம் சமைத்துத் தருகிறீர்களா, கூலி என்ன" என்று கேளுங்கள். நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள். சிலர் "நாங்களே வாங்கி வைக்கிறோம்" என்பார்கள், அது இன்னும் நல்லது, ஏலத்தில் உங்களுக்குச் சொல்லும் விலையும் அவர்களுக்குச் சொல்லும் விலையும் ஒன்றாக இருக்காது. மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ராத்திரிக்கு மீன் வேண்டாம். இந்தக் கரையில் ராத்திரி என்றால் பரோட்டா, இடியாப்பம், கறி. மீன் மத்தியானச் சமாச்சாரம்.

எந்த மீன் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு ஆளுக்கு முள்தான் முதல் எதிரி, காரம் இரண்டாவது. சென்னையில் வஞ்சிரம் என்று விற்பதை இங்கே நெய்மீன் என்பார்கள், சீலா என்றும் சொல்வார்கள் (சென்னையில் ஷீலா என்றால் அது வேறு மீன், குழம்பிக்கொள்ளாதீர்கள்). முள் பயம் இல்லை, ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அது போர், வறுத்தால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விளமீன் கிடைத்தால் அதைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், சதை வெள்ளையாக இதழ் இதழாகப் பிரியும், பெரிய முள், எடுத்துப் போட்டுவிடலாம். பாறையும் பரவாயில்லை. நகரை, சூடை, காரல் எல்லாம் ருசியில் ராஜா, முள்ளில் ராட்சசன். அதையெல்லாம் நீங்கள் சாப்பிடுங்கள், அவருக்கு ஒரு சூடையை மொறுமொறுவென்று வறுத்து, முள்ளோடு கடித்துத் தின்னலாம் என்று காட்டிக் கொடுங்கள், அவ்வளவு போதும். நெத்திலியும் அப்படித்தான்.

நண்டு கட்டாயம் கொடுங்கள், நீலக்கால் நண்டு. பெரிய நண்டெல்லாம் பெரும்பாலும் சதை எடுக்கும் கம்பெனிகளுக்குப் போய்விடும், கடையில் கிடைப்பது நடுத்தரம்தான். அமாவாசை நண்டில்தான் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் ஓடு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், நான் காலண்டர் பார்த்து வாங்குகிற அளவுக்கு நம்புகிறேன். ஒரு எச்சரிக்கை: நண்டை மசாலாவில் போட்டுப் புரட்டிக் கொடுத்தால் அவர் உடைக்கிற கையெல்லாம் காரம், அந்தக் கையைக் கண்ணில் வைத்தால் அன்றைய நாள் முடிந்தது. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துத் தரச் சொல்லுங்கள், மிளகு ரசம் தனியாக ஒரு கிண்ணத்தில். நேரம் எடுத்து, பேசிக்கொண்டே உடைத்துத் தின்ன நண்டு மாதிரி வேறொன்று கிடையாது, இரண்டு நண்பர்கள் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

காரம் விஷயத்தில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது, "காரம் கம்மியா" என்று சொல்லி ஆர்டர் கொடுப்பது. மாஸ்டர் என்ன செய்வார், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பில் தண்ணீரோ தேங்காய்ப்பாலோ ஊற்றிக் கலக்கிக் கொடுப்பார். காரமும் போகாது, ருசியும் போய்விடும். பிறவியிலேயே காரம் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், மிளகு போட்டு வறுத்த மீன், அவித்த நண்டு, தயிர்ச்சாதம், இட்லி. அப்புறம் நம் குண்டு மிளகாயை மட்டும் குறைத்து எடைபோட வேண்டாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டையாக, தோல் தடிப்பாக இருக்கும். அதைக் கிள்ளாமல் முழுசாக எண்ணெயில் போட்டு எடுத்தால் வாசனைதான் முதலில் வரும். ஒரு மிளகாயை அவர் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே விதை கிலுகிலுவென்று சத்தம் போடும், என் ஜப்பான்காரர் பத்து மிளகாய் ஊருக்கு எடுத்துப்போனார், சமைக்க அல்ல. காரம் ஏறிவிட்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள், மிளகாய் எரிச்சல் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். தயிர், மோர், பால், இல்லையென்றால் ஒரு வாய் வெறும் சோறு.

அவர் கிளம்பும் முன்னாலேயே ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஏதாவது அலர்ஜி உண்டா என்று. நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது, ஆனால் நிலக்கடலை ஆகாதவர்கள் அங்கே இருக்கிறார்கள், இங்கே நிறையக் கடையில் கடலை எண்ணெயில்தான் வறுக்கிறார்கள். நண்டு, இறால் ஆகாதவர் என்றால் அதை வறுத்த எண்ணெயிலேயே மீனையும் போடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும். சட்னியில் என்ன கடலை, தொதல் என்கிற இனிப்பில் என்ன பருப்பு என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். முதல் நாள் வயிற்றுக்கு வேலை கொடுக்காமல் இட்லி, இடியாப்பத்தோடு விடுங்கள், பச்சை வெங்காயம், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் மூன்றும் வேண்டாம். பாட்டில் தண்ணீர்.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிச் சைவம்தான், வடநாட்டு யாத்ரீகர்களுக்கான சப்பாத்திக் கடைகளும் நிறைய. காலையில் பொங்கலும் காப்பியும் சாப்பிடலாம். அதற்கு மேல் அங்கே சாப்பாட்டைத் தேடாதீர்கள், பிரகாரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தனுஷ்கோடிக்கு 2017-இல் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. வழியில் கொட்டகை போட்டு மீன் வறுத்துக் கொடுப்பார்கள், மசாலா தடவிய மீனை முன்னாலேயே பரப்பி வைத்திருப்பார்கள். நீங்களே மீனைக் காட்டி, விலையையும் முன்னாலேயே பேசி முடித்துவிட்டு உட்காருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கொட்டகை. காற்று பலமாக அடித்தால் சோற்றில் மணல் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கூட்டிப்போங்கள். 1914-லிருந்து 1964 டிசம்பர் புயல் வரைக்கும் சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயிலில் இங்கே வந்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கித் திரும்ப ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போய்விடலாம் என்பதை அந்த இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நம் ஊர் இடியாப்பமும் சொதியும் சம்பலும் ஏன் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறது என்று அப்போது அவருக்கே புரியும். சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் விட மாட்டார்கள், மத்தியானத்துக்குள் போய்விடுங்கள்.

அடுத்து கீழக்கரை. மூன்று நாளில் ஒரு ராத்திரியை இதற்கு ஒதுக்காவிட்டால் நீங்கள் இந்தப் பக்கம் வந்ததே வீண் என்பேன். ராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர்தான். காலம் காலமாக முத்தும் சங்கும் ஏற்றி இலங்கைக்கும் மலாயாவுக்கும் வியாபாரம் போன முஸ்லிம்களின் ஊர், சமையலும் அப்படியே கப்பல் ஏறிப் போய்வந்த சமையல். மீன் குழம்பு என்று கேட்காதீர்கள், ஆணம் என்று கேளுங்கள். நெய்ச்சோறும் கறியும் தாளிச்சாவும் நல்ல வீட்டில் சாப்பிட்டால் பிரியாணி மேல் இருக்கும் மயக்கம் கொஞ்சம் தெளியும். வட்டலப்பம் என்று முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து ஆவியில் அவிப்பது ஒன்று இருக்கிறது, ஐரோப்பாக்காரருக்கு அது அவர் ஊர் புட்டிங்குக்குச் சொந்தக்காரன் மாதிரி தோன்றும், உடனே பிடித்துவிடும்.

தொதலை விட்டுவிடாதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, இந்த மூன்றையும் பெரிய சட்டியில் போட்டு மணிக்கணக்காகக் கிண்டுவது. தேங்காய்ப்பாலே எண்ணெயாகப் பிரிந்து வெளியே வந்து, கலவை சட்டியில் ஒட்டாமல் ஒரே பந்தாகச் சுருண்டு துடுப்போடு சேர்ந்து புரளும் வரைக்கும் கை ஓயக் கூடாது. நான் பார்த்த வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிக் கிண்டினார்கள், மூன்றாவது ஆள் அவர்களுக்கு முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பெயரில் இதே இனிப்பு இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. எங்கிருந்து எங்கே போனது என்று கீழக்கரையில் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும். நண்பர் ஊருக்கு எடுத்துப்போக இதைவிட நல்லது இல்லை.

கீழக்கரையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, வயதில் மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம். ஜப்பான்காரரை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது அங்கே வழக்கம். ஒவ்வொருவரும் அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இவர் தயங்கினார், எச்சில் பற்றி அல்ல, எந்த இடம் தன்னுடையது என்று தெரியாமல். காக்கா ஒன்றும் பேசாமல் நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு சாப்பிட்டாலும் அவர் பக்கம் மட்டும் குறையவே இல்லை. கடைசியில் ஒரு சின்னத் தட்டில் பால் ஊற்றிக் காய்ச்சிய கடப்பாசி வந்தது, சதுரமாக வெட்டி, குலுங்கிக்கொண்டு. ஒரு வாய் வைத்ததும் அவர் நிமிர்ந்து "கான்டென்" என்றார். அவர்கள் ஊரிலும் பாசியைக் காய்ச்சி இதே மாதிரி உறையவைத்துச் சாப்பிடுவார்களாம். ராமேஸ்வரம் தீவுக் கிராமங்களில் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய்த்தான் இந்தக் கடப்பாசியாக, அதாவது அகராக வருகிறது என்று சொன்னேன். மறுநாள் மீன் பார்க்க வேண்டாம், அந்தப் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஆகவே மதுரையா இங்கேயா என்று கேட்டீர்களே, மதுரையில் விமானம் இறங்கினால் ஒரு கறிதோசையும் ஜிகர்தண்டாவும் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள். ஆனால் கடல் சாப்பாட்டை மதுரையில் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்க்க வருவது, மாப்பிள்ளை வீட்டில் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது மாதிரி.

வேண்டாதவை சில. யாராவது ரகசியமாகக் கடல் அட்டை, ஆமை என்று ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள், எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்தவை, கடல் அட்டையைப் பிடிக்கவே 2001-லிருந்து தடை. பவளப்பாறைத் துண்டு, கண்ட சங்கு சிப்பிகளை ஞாபகத்துக்கு என்று அவர் பெட்டியில் போட்டுக்கொண்டால் விமான நிலையத்தில் மாட்டுவார். ஜனவரியில் நுங்கும் பதநீரும் கிடைக்காது, அதற்குப் பதில் பனங்கிழங்கு காலம், அவித்த கிழங்கை ரோட்டோரத்தில் கட்டுக்கட்டாக விற்பார்கள். நாரை உரித்துத் தின்னக் கற்றுக் கொடுங்கள், மூன்றாவது கிழங்கில்தான் ருசி பிடிபடும்.

கையால் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஸ்பூன் ஒன்று பையில் இருக்கட்டும், அவராகவே ஒரு கட்டத்தில் அதைக் கீழே வைப்பார். யார் வீட்டிலாவது சாப்பிட்டால் பணம் கொடுக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள், அவர்கள் ஊரில் பங்கு போடுவது மரியாதை, இங்கே அது வம்பு. பழம் வாங்கிப் போகலாம். சாக்லேட் கொண்டுவருகிறார் என்றால் கீழக்கரை வீட்டுக்குக் கொடுக்கும் முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், ஜெர்மன் சாக்லேட்டில் மது ஊற்றியதும் உண்டு, மிட்டாயில் பன்றி ஜெலட்டின் சேர்த்ததும் உண்டு.

மூன்று நாளில் ஒரு செவ்வாயோ வியாழனோ ஞாயிறோ எப்படியும் விழும், அன்றைக்குப் பாம்பன். ஒரு ராத்திரி கீழக்கரை. மிச்சமிருக்கும் ஒரு மத்தியானத்துக்குத்தான் நீங்கள் கடை தேடுகிறீர்கள் என்றால், அப்பா ஊர் தேவிபட்டினம் என்றீர்களே, அங்கே அத்தை, சித்தப்பா வழியில் யாரும் இல்லையா? இத்தனை வருஷம் போகவில்லை என்ற கூச்சத்தில்தான் ரெஸ்டாரண்ட் தேடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். போன் பண்ணி, வெள்ளைக்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். எத்தனை மிளகாய் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வந்த விருந்தாளி என்று இரண்டு சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.